புகழ்ச்சோழ நாயனாரும் போர்ப்பழியும்

போர்க்களத்துக்குத் தாமே சென்று பொருத வேந்தரும் உளர். பிறரை ஏவிவிட்டுத் தாம் அரண்மனையில் அமர்ந்திருந்த வேந்தரும் உளர். முன்னவரை வீரர் என்றும் பின்னவரைக் கோழையர் என்றும் பகுத்து விடுதல் எளிது. உலகமும் பெரும்பாலும் அவ்வாறே பகுத்து வருகின்றது. கி.பி. 949-ஆம் ஆண்டில் தக்கோலத்துப் போரில் யானைமேல் இருந்தபடியே உயிர் நீத்த இராசாதித்த சோழனையும், 1054-ஆம் ஆண்டில் கொப்பத்துப் போரில் அங்ஙனமே மாண்ட இராசாதிராச சோழனையும் பின்னோர் போற்றியது தக்கதே. கி.மு. 333-ஆம் ஆண்டில் இஸ்ஸஸ் என்னும் களத்தில் தாயையும் மனைவியையும் மக்களையும் பகைவர் கையில் விட்டுவிட்டு ஓடிய பாரசீக வேந்தன் மூன்றாம் தாரியஸ் இகழப்பட்டதும் தக்கதே. அண்மைக் காலத்தில், 1914-ஆம் ஆண்டு தொடங்கிய பெரும்போரில் தன் குடிமக்களுள் இளைஞர் அனைவரையும் களத்துக்கு அனுப்பிய செர்மானியப் பேரரசன் இரண்டாம் வில்லியம், 1918 நவம்பரில் தோல்வி உறுதியானவுடன் ஒல்லாந்து நாட்டிற் புகுந்து, 1941-இல் இறக்குமளவும் அங்கே ஒரு மாளிகையில் இனிது வாழ்ந்திருந்தான். அவன் ஏவலால் இறந்தோர்க்கு அத்தகைய மாளிகை ஒன்றும் வாய்க்கவில்லை.

ஆயினும் இப்பகுப்பு முற்றும் பொருந்துவதன்று. எல்லாப் போருக்கும் வேந்தன் தானே செல்லுதல் இயலாது. நாடு பரந்த வேந்தனுக்குத் தன் தலைநகரில் இருந்து செய்ய வேண்டிய முறை பல உள. அன்றியும், களத்திற்குச் சென்றவர் எல்லாரும் அறத்தின் பொருட்டே சென்றாருமல்லர். தருக்கினாலும் ஆசையினாலும் சென்றாரே பலர். சென்றமையும் செல்லாமையும் அளவுகோல் அல்லவாயின், படையை ஏவும் தலைவனது வீரத்தை எதுகொண்டு அளப்பது? இவ்வினாவை உளங்கொண்டு பெரிய புராணத்தைப் புரட்டியபோது, நம் உள்ளம் புகழ்ச்சோழ நாயனார் வரலாற்றிலேயே சென்று நின்றது. இவ்வரலாற்றை நம்மவர் பெரும்பாலும் வேட நெறிக்கு, அஃதாவது அடியார் வேடத்தைச் சிவனெனவே கண்டு வழிபடும் நெறிக்கு, எடுத்துக்காட்டாகவே சொல்லி வருவர். அது முற்றும் உண்மை. ஆனால் அவ்வளவில் நின்றுவிட்டால் அதனுள் அடங்கிய வேறொன்று நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அறுபத்து மூவருள் ஒருவராகிய இவரைச் சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத் தொகையிலே பாடினார். நம்பியாண்டார் நம்பிகள் திருத்தொண்டர் திருவந்தாதியிலே வகுத்தார். சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் புராணத்திலே விரித்தார். இவருள் சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கனாகிய அநபாய சோழன் காலத்தில் (கி.பி. 1133–1150) அமைச்சராய் இருந்தவர் என்பது நேயர்கள் அறிந்ததே. அரசவையில் திறை வந்து குவிவதையும், படைத்தலைவர் வெற்றி கூறி நிற்பதையும், அமைச்சர் அரசன் முகம் நோக்கிச் சொல்லெடுப்பதையும் அவர் ஏட்டிற் படித்து எழுதினாரல்லர், உடனிருந்து கண்டவர். ஆகையாலே, இவ்வரலாற்றில் அமைச்சரைக் குறித்து அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் நாம் நின்று நிதானித்துப் படித்தல் வேண்டும்.

புகழ்ச்சோழர் உறையூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர். அண்டை நாட்டு வேந்தர் பலரும் தம் ஏவல் கேட்டு நிற்ப, சிவாலயங்களில் பூசனை சிறக்கவும், அடியார்க்கு வேண்டுவன குறைவின்றி நடக்கவும் செய்து, சைவநெறி தழைய அரசு புரிந்தார். கொங்கு நாட்டு மன்னரும் மேற்றிசை மன்னரும் செலுத்தும் திறையைப் பெறுதற்பொருட்டு, அத்திசைக்கு அணித்தாகிய கருவூருக்குத் தம் சுற்றத்தோடும் அமைச்சரோடும் ஒருகால் எழுந்தருளினார். அங்குப் புக்கவுடன் முதற்கண் ஆனிலைத் திருக்கோயிலை வணங்கி, அதன் பின்னரே அரண்மனை சேர்ந்தார் என்பது புராணம். கொங்கு நாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் ஏழனுள் ஒன்றாகிய அவ்வானிலை, பசுபதீசுவரர் திருக்கோயில் என்னும் பெயரோடு இன்றும் கரூரில் வழிபாட்டில் இருக்கின்றது.

கொலுமண்டபத்தில் அரசர் வீற்றிருப்ப, மன்னர்கள் யானையும் குதிரையும் பொன்னும் மணியுமாகத் திறை கொணர்ந்து இட்டார்கள். இட்டவர்க்கு அவரவர் நிலையை அருளிய சோழர், திறை செலுத்தாது மாறுபட்டு நிற்பார் எவரேனும் உளராயின் ஆராய்ந்து சொல்லுமாறு அமைச்சர்க்குப் பணித்தார். இது வழக்கமான அரச ஆணையே. இதில் கொடுமையும் இல்லை, பெருமையும் இல்லை. நாள்தோறும் ஏதேனும் ஓர் அரசவையில் எழும் சொல் இது.

அதிகன் செய்தி வருமுன்னர் அக்கருவூரிலே நிகழ்ந்த மற்றொன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அஃது எரிபத்த நாயனார் வரலாற்றில் விரிவாக வருவது. ஆனால் புகழ்ச்சோழரது உள்ளத்தின் கட்டளைக்கல் அதுவே.

சிவகாமியாண்டார் என்னும் முதியவர் வைகறையில் எழுந்து நீராடி, வாயைத் துணியாற் கட்டி, நந்தவனத்து மலர் கொய்து கூடையில் நிறைத்து ஆனிலைப் பெருமானுக்குச் சாத்தக் கொண்டு செல்வார். மாநவமிக்கு முன்னாள். அரசனது பட்டத்து யானை ஆன்பொருநை ஆற்றில் நீராடி, அணி செய்யப்பெற்றுத் தெருவிலே வந்தது. வந்த யானை மதம் மிகுந்து ஓடி, முதியவர் கையிலிருந்த மலர்க்கூடையைப் பறித்துச் சிதறிற்று. அவர் தொடர்ந்து ஓடி, ஓடமாட்டாது விழுந்து, நிலத்திற் கையை அறைந்து சிவனை நோக்கி ஓலமிட்டார். அவ்வோலம் மழுப்படை தாங்கி அடியார்க்கு இடர் களையும் விரதமுடைய எரிபத்தர் செவியிற் பட்டது. அவர் விரைந்து சென்று யானையைத் துதிக்கை அற வெட்டினார். குத்துக்கோற்காரர் மூவரையும், மேலிருந்த பாகர் இருவரையும் வெட்டி வீழ்த்தினார்.

யானையும் ஆட்களும் பட்டார்கள் என்ற செய்தி அரண்மனைக்கு எட்டியது. யார் செய்தார் என்று ஆராயவும் பொறாத அரசர், குதிரைமேற் கொண்டு, நால்வகைப் படையும் பின்வர அவ்விடம் வந்தார். பகைவர் கூட்டத்தை எதிர்பார்த்து வந்தவர் கண்ணுக்கு, திருநீறு பூசி மழுவேந்திய ஓரடியார் தனியே நிற்பதுதான் தோன்றியது. படையை அப்பால் நிறுத்திவிட்டுக் குதிரையினின்று இறங்கித் தனியே அணுகினார். சிவனடியாராகிய இவர் பிழை நேராது கொல்லார். ஆதலால் பிழை நம்முடையதாகவே இருத்தல் வேண்டும் என்று அவர் உள்ளம் முதலில் எண்ணியது. நடந்ததைக் கேட்டறிந்தபின், அடியார்க்குச் செய்த அபராதத்துக்கு யானையையும் பாகரையும் கொன்றது போதாது, அவற்றை உடைய தம்மையும் கொல்லவேண்டும் என்று கூறி, மங்கலமாகிய மழு அதற்குத் தகுவதன்று எனத் தம் உடைவாளை உருவி நீட்டினார்.

இவ்விடத்தை நாம் எளிதாகக் கடந்து போகலாகாது. யானைக்கு மதம் பிடித்தது அரசர் ஏவியதன்று. பாகர் அதனை அடக்காது விட்டதும் அவர் ஏவியதன்று. அவர் அப்போது அரண்மனையில் இருந்தார்; யானை தெருவிலே இருந்தது. இருந்தும், என் யானை, என் பாகர், ஆகையால் என் பிழை என்றார். மனுநீதி கண்ட சோழன் வரலாற்றில், உயிர்களுக்கு வரும் அச்சம் ஐந்து வழியால் வரும் எனவும், அவற்றுள் அரசனால் வருவதும் அவன் பரிசனத்தால் வருவதும் முதலிரண்டாம் எனவும் சேக்கிழார் குறித்திருப்பதை இங்கே நினைவு கொள்ளலாம். பகைவராலும் கள்வராலும் விலங்காலும் வரும் அச்சத்தை ஒழிக்க எல்லா அரசரும் முந்துவர். தம்மாலும் தம்மைச் சார்ந்தாராலும் வருவதை ஒப்புக்கொள்ளும் அரசரே அரியர்.

எரிபத்தர் அவ்வன்பின் பெருமையைக் கண்டு நடுங்கினார். வாளை வாங்காவிடின் அரசர் தம்மையே மாய்த்துக்கொள்வார் என்று அஞ்சி அதனை வாங்கினார். இத்தகைய அன்பர்க்கு இடர் விளைத்த தாமே சாதற்கு உரியர் என்று அவ்வாளைத் தம் கழுத்திற் பூட்டினார். அரசர் பாய்ந்து கையையும் வாளையும் பிடித்துக்கொண்டார். அப்பொழுது வானில் ஒரு வாக்கு எழுந்து, தொண்டின் பெருமையை உலகறியச் செய்தற்கே இறைவன் திருவருளால் இவையெல்லாம் நிகழ்ந்தன என்றது. யானை உயிர்த்தெழுந்தது, பாகரும் மற்றையோரும் எழுந்தார்கள், சிவகாமியாண்டார் கூடை மலரால் நிறைந்தது. எரிபத்தர் வேண்டிக்கொள்ள, அரசர் அவ்யானைமேலேயே ஏறி அரண்மனை மீண்டார். அன்று இறந்தவர் அனைவரும் எழுந்தார்கள் என்பதை நேயர்கள் மறவாதிருப்பாராக.

இனி அதிகன் செய்திக்கு வருவோம். ஒருநாள் அமைச்சர்கள் அரசர் திருமுன் நின்று, அதிகன் என்பான் ஒருவன் மட்டும் திறை கொணர்ந்திலன் என்றார்கள். அரசர் வியந்து முறுவலித்தார். அவன் எங்கே உள்ளான் என்பதற்கு, தொலைவிலன்று, அணித்தே மதில் சூழ்ந்த மலையரணில் உள்ளான் என்று விடை வந்தது. உங்கள் எதிரே நிற்கவல்ல அரணும் ஒன்று உளதோ, படையெடுத்துச் சென்று அதனைத் துகளாக்குக என்று அரசர் பணித்தார்.

அம்முறுவலைச் சேக்கிழார் வேண்டுமென்றே குறித்திருக்கிறார் என்று நாம் கருதுகின்றோம். யானை இறந்தது கேட்டபோது குதிரையேறி விரைந்த அதே அரசர், இப்போது இருந்த இடத்தினின்று அசையவில்லை. சினமில்லை, ஆராய்ச்சியில்லை, அதிகன் திறை கொணராதது எதனால் என்ற வினாவுமில்லை. ஒரு முறுவல், ஒரு சொல். அரசவைகளில் போர் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றது. கொடியவர் வாயில் மட்டும் பிறப்பதாயின் உலகில் போர் மிகக் குறைந்திருக்கும். நல்லவர், நெறி தவறாதவர், ஆனிலைப் பெருமானை வணங்கிவிட்டு வந்து அமர்ந்தவர், அவர் வாயிலும் அஃது எளிதாகவே பிறந்துவிட்டது. தம் நாயனாரைக் குறைவுபடச் சொல்லவேண்டும் என்பது சேக்கிழார் கருத்தன்று. ஆனால் அமைச்சராய் இருந்த அவர் கண்டதை மறைக்கவும் இல்லை.

படை சென்றது. அமைச்சரே தலைமை தாங்கிச் சென்றார்கள். காடும் மலையும் கடந்து அரணை வளைத்தார்கள். அதிகனது படை எதிர்த்துப் பொருதது. யானையோடு யானையும் குதிரையோடு குதிரையும் வீரரோடு வீரரும் மோதிய அப்போரைப் பல பாடல்களால் புராணம் விரிக்கின்றது; நாம் விரித்திலம். முடிவு இதுதான்: அதிகனது பெரும்படை குவியல் குவியலாக மடிந்தது, மடியவே, அதிகன் தன் நகரின்மேல் இருந்த பற்றை விட்டுப் பெருங்காட்டினுள் ஓடிவிட்டான்.

ஓடிய பின் அவன் பெயர் இவ்வரலாற்றில் இல்லை. அவன் பிடிபட்டானென்றோ, பின் திறை கொணர்ந்தானென்றோ ஒரு சொல்லும் இல்லை. அவனுக்காக நின்று பொருதவர் தலைகள் அறுந்து கிடந்தன. அவன் தலை மட்டும் அவன் கழுத்திலேயே இருந்தது. திறை கொடேன் என்று நிமிர்ந்தவன் அவன். அந்நிமிர்வின் விலையைக் கொடுத்தவர் பிறர். இந்நூலில் கோழைத் தலைவன் ஒருவனைத் தேடுவார்க்கு இவன் போதும்.

வென்றவர் செய்ததும் இனிய காட்சியன்று. நிதிக்குவையையும் யானை குதிரைகளையும், அரணில் இருந்த மகளிரையும் பற்றினார்கள். அறுந்த தலைகளையும் திரட்டினார்கள். பண்டைப் போர்வழக்கில் தலையென்பது வெற்றிக்குக் கணக்கு. இத்தனை யானை, இத்தனை குதிரை, இத்தனை பொற்குவை என்பதோடு இத்தனை தலை என்று எண்ணி அரசன் முன் வைப்பர். இக்காலத்துப் போர்களில் தலையைக் கொணர்வதில்லை; எண்ணிக்கையை மட்டும் ஓலையில் எழுதி அனுப்புகின்றனர். அதனால் ஏவினவர் கண்ணுக்கு முகம் தெரிவதில்லை. இதனை நாகரிகம் என்பதா, வேறு பெயரிட்டு அழைப்பதா என்று நமக்குத் தெளிவாகவில்லை.

அமைச்சர்கள் கருவூருக்கு மீண்டு, கொணர்ந்தன யாவற்றையும் அரசர் திருமுன் வைத்தார்கள். எண்ணில்லாத தலைகள் ஒவ்வொன்றாகக் கொண்டுவரப்பட்டன. மண்ணுலகுக்கு உயிராக விளங்கிய மன்னர் நோக்கிக்கொண்டிருந்தார். அவற்றுள் ஒரு தலையின் நடுவே மெல்லிய சடை ஒன்றைக் கண்டார்.

கண்டவுடன் நடுங்கினார்; மனம் கலங்கினார்; கைகுவித்தார்; எழுந்து எதிர்சென்று, இன்னும் நன்றாக நோக்கி, அது சடையே என்று தெளிந்து கண்ணீர் பெருக நின்றார். முதலமைச்சர் படைகொண்டு சென்று பகைமுனையை அழித்து வந்தார்; வெற்றி குறைவின்றிக் கிடைத்தது; இக்கடல்சூழ் உலகில் திருநீற்று நெறியைக் காத்து நான் அரசளித்த வகை மிக அழகியதாயிற்று என்று தம்மையே இகழ்ந்து உருகினார். பிறரை இகழ்ந்து அவர் ஒரு சொல்லும் சொன்னதாக இல்லை. அத்தலைக்கு உரியவர் போர்மாலை சூடித் தம் தலைவனுக்குச் செய்யவேண்டிய கடனைச் செய்து முடித்தவர், சிவநெறியையும் உணர்ந்தவர் என்றும், அத்தகையவர் சடைத்தலை ஏந்திவரக் கண்டும் பாரைத் தாங்கி இருக்க நினையேன், பழியைத் தாங்குகின்றவனாயினேன் என்றும் சொன்னார்.

கடனைச் செய்து முடித்தவர் என்ற அச்சொல் நம்மை நெடுநேரம் நிறுத்திவைத்தது. எவனுக்குச் செய்த கடன்? காட்டிற்கு ஓடிப்போன அதிகனுக்கு. அவ்வீரர் எந்தத் தலைவனுக்காக நின்றாரோ அவன் அவரைக் கைவிட்டான். அவரைக் கொன்ற பக்கத்துத் தலைவரோ அவர் தலையைப் பொற்கலத்தில் ஏந்தினார். தம் வீரர்க்குக் கோழையாய்ப் போன தலைவன் ஒருபுறம். பகைவீரர்க்கும் கடன்பட்டேன் என்று நின்ற தலைவர் மறுபுறம். இருவரும் களத்தில் இல்லாதவரே. ஒருவன் ஓடி இல்லாதவன். மற்றவர் தொடக்கத்திலேயே இல்லாதவர். ஆயினும் இருவரையும் ஒரே பெயரால் அழைக்க நம் நா எழவில்லை.

இங்கே ஒரு தடை எழும். அறுந்தன பல தலைகள். அவற்றுள் சடைத்தலை ஒன்றுக்கு மட்டும் அழுத அரசர் ஏனையவற்றுக்கு அழாதது என்னை? அவையும் தாய்மார் பெற்ற தலைகள் அல்லவோ? இத்தடையை நாம் பலரிடம் கேட்டதுண்டு. கேட்டவர் சைவரல்லாதார் மட்டுமல்லர். வேட நெறியை மட்டும் எடுத்துக்காட்டி இதனை ஒரேயடியாக மூடிவிடுவது நேர்மையாகாது. சடையில்லாத தலைகளுக்காக அரசர் அழுதார் என்று புராணம் சொல்லவில்லை. நாமும் அங்ஙனம் கூட்டிச் சொல்லோம். ஒன்று மட்டும் சொல்லலாம். தொகையாகக் கண்டவரை அவை வெற்றிக் கணக்காகவே இருந்தன. ஒரு தலையில் தமக்கு உறவானதொன்றைக் கண்ட கணத்தில் அக்கணக்கு உடைந்தது; உடைந்தபின் அவர் வெற்றி முழுவதையுமே வெறுத்தார், அரசு முழுவதையுமே விட்டார். ஒரு தலைக்கு மட்டும் கழுவாய் செய்துவிட்டு ஏனைய வெற்றியை வைத்துக்கொண்டு ஆண்டாரல்லர். இவ்விடை முழுதும் போதுமானது என்று நாம் வாதிடவில்லை.

மற்றொரு தடையும் உண்டு. வாளை எறிந்தவன் ஒரு வீரன். அதுவும் போர்க்களத்தில், எதிர்த்து நின்றவன்மேல். அரசருக்கு இதிற் பழி எங்ஙனம் சாரும்? இலக்கண நூலார் வினைமுதலை இயற்றுதற் கருத்தா என்றும் ஏவுதற் கருத்தா என்றும் இருவகைப் படுத்துவர். கோயிலைத் தச்சன் செய்தான் என்பதும் உண்மை. அரசன் செய்தான் என்பதும் உண்மை. கல்லைத் தொடாத அரசன் பெயர் கோயிற் சுவரிற் பொறிக்கப்படுகின்றது. ஒருவரும் அதனைப் பொய் என்பதில்லை. கோயிலுக்குப் பெயர் கொள்ளும்போது ஏவுதற் கருத்தாவாக நிற்பவன், குருதிக்குப் பெயர் வரும்போது மட்டும் இயற்றுதற் கருத்தாவின் பின்னே ஒளிந்து கொள்ளலாமோ? நம் சித்தாந்த சாத்திரமும் வினை மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றாலும் ஈட்டப்படும் என்கின்றது. புகழ்ச்சோழர் காயம் கருவூரிலேயே இருந்தது. வாக்கு மலையரண் வரைக்கும் சென்று வந்தது.

அவர் சொல்லியிருக்கக்கூடிய சமாதானங்களை எண்ணிப் பார்த்தால் அவர் சொல்லாமையின் அருமை விளங்கும். போர் அறத்தின்பாற்பட்டது, திறை கொடாதவன்மேற் செல்வது அரசநீதி எனலாம். அதிகன் பணிந்திருந்தால் இது நேர்ந்திராது என்று அவன்மேற் சுமத்தலாம். சடையுடையாரைக் கண்டு விலகாதது படைத்தலைவர் பிழை என்று ஒருவரைத் தண்டித்து, தம் கையைக் கழுவிக்கொள்ளலாம். ஆறு கோயிலுக்கு நிவந்தம் அளித்து, அவர்க்கு ஒரு சமாதி எழுப்பி, மறுநாள் கொலுவீற்றிருக்கலாம். இவை யாவும் அரசர் உலகில் நாளும் வழங்கும் சமாதானங்களே. இவற்றைச் சொல்லித்தர அவர் பக்கத்தில் அமைச்சரும் இருந்தனர்.

கலிங்கத்தை வென்ற அசோகனை இவ்விடத்தில் நினையாதிருக்க முடியவில்லை. பட்டமேறி எட்டு ஆண்டு கழிந்தபின் அவன் செய்த அப்போரில் 1,00,000 பேர் மாண்டனர், 1,50,000 பேர் நாடு கடத்தப்பட்டனர், வேறு பலரும் மடிந்தனர் என்று தன் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் அவனே பொறித்தான். அதற்கு வருந்துகின்றதாகவும் பொறித்தான். வெற்றியைப் பாடும் சாசனங்கள் நிறைந்த உலகில் அஃது ஒரு பெரும் வீரச்செயலே, ஐயமில்லை. ஆயினும் கலிங்க நாட்டுத் தௌலியிலும் சௌகடாவிலும் அவன் வெட்டுவித்த சாசனத் தொகுதிகளில் அப்பதின்மூன்றாவது காணப்படவில்லை. அவ்விடத்து வேறு சாசனங்களே உள்ளன. எவர்க்குத் தீங்கு நேர்ந்ததோ அவர் கண்ணெதிரே அவ்வருத்தம் எழுதப்படவில்லை. கலிங்கமும் அவன் பேரரசை விட்டு நீங்கவில்லை. வருந்தியும் வென்றதை வைத்துக்கொண்டான் அவன். அவனைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. அவ்வளவேனும் வருந்திய பேரரசர் எத்தனை பேர் உளர்? புகழ்ச்சோழர் அதனினும் மேற்பட எவ்வளவு தூரம் சென்றார் என்பதை அளத்தற்கே எழுதினோம்.

அவர் செய்தது இது. அமைச்சர்களை நோக்கி, அரசைச் சிவநெறி வழுவாது காக்குமாறும் தம் குமாரனுக்கு முடிசூட்டுமாறும் பணித்தார். அவர்கள் கலங்கி வருந்த, அவர்களைத் தேற்றினார். தாம் ஏவியபடி சென்று வென்று வந்தவர்களை அந்நிலையிலும் கடிந்தாரல்லர். தேற்றினார் என்றே வரலாறு செல்கின்றது. நாட்டைத் தலைவனில்லாது விட்டும் போகவில்லை. பழிக்கு அஞ்சி ஓடுகின்றவன் பின்னால் எது ஆகும் என்று பாரான்; அதிகன் அங்ஙனம் ஓடினான். இவரோ அடுத்துச் செய்ய வேண்டியவற்றை ஒழுங்கு செய்த பின்னரே தம் காரியத்தைத் தொடங்கினார்.

தீ வளர்க்கச் செய்தார். திருமேனி முழுதும் வெண்ணீறு பூசினார். சடை பொருந்திய அத்தலையைப் பொற்கலத்தில் வைத்து, முடி தாங்கிய தம் தலைமேல் அதனைத் தாங்கினார். எரியை வலம் வந்து, திருவைந்தெழுத்தை ஓதியவாறு அதனுட் புகுந்தார். பூமழை பொழிந்தது, மங்கல வாத்தியம் முழங்கியது, இறைவன் திருவடி நிழலை அடைந்தார் என்பது புராணம்.

நாயன்மார் செயல்களுட் சில நாம் பின்பற்றுதற்கு அமைந்தவை அல்ல என்பதை நம் பெரியோர் அறிவுறுத்தியே வந்திருக்கின்றனர். உயிரைத் தாமே மாய்த்தல் நூல்கள் விலக்கியது. இஃது அன்பின் மேலீட்டால் நிகழ்ந்த ஒன்று. ஆகவே தீயிற் புகுந்தமையைக் குறித்து நாம் அளவளாவி நில்லாமல், அதற்கு முன் நிகழ்ந்த சிறு பொழுதையே மீண்டும் மீண்டும் எண்ணுகின்றோம்: தலைகள் வரிசையாக வருகின்றன, அமைச்சர் வெற்றி கூறி நிற்கின்றனர், அரசர் கண்ணைத் திருப்பிக்கொள்ளாமல் ஒவ்வொன்றையும் நோக்கிக்கொண்டிருக்கின்றார். திருப்பிக்கொண்டிருந்தால் அச்சடை அவர் கண்ணிற் பட்டிராது. அவர் நெடுங்காலம் ஆண்டும் இருப்பார். முன்னர் எரிபத்தர்முன் யானையும் பாகரும் எழுந்ததுபோல இங்கே ஒருவரும் எழவில்லை. வானில் வாக்கும் எழுந்து அவர் கையைப் பிடிக்கவில்லை. அறுந்த தலை அறுந்த தலையாகவே பொற்கலத்தில் இருந்தது. முதல் முறை அவர் வாளை நீட்டியபோது வாங்குவார் ஒருவர் எதிரே இருந்தார். இம்முறை தம் வழக்கைத் தாமே கேட்டு, தாமே தீர்ப்புச் சொல்லவேண்டியிருந்தது.

கி.பி. எட்டாம் நூற்றாண்டினர் என ஆராய்ச்சியாளர் பலர் கொள்ளும் சுந்தரமூர்த்தி நாயனார், தொகையிலே ஓர் அடியார்க்கு ஓரிரு சொல்லே இடுவார். உறையூரில் இவர் ஆண்ட சிறப்பையோ, வென்ற நாடுகளையோ, பெற்ற திறையையோ அவர் குறித்திலர். சோலை சூழ்ந்த கருவூரில் இவர் உயிர் நீத்தார் என்பதை மட்டும் குறித்து, அவர்க்கு அடியேன் என்று வணங்கினார். அக்கருவூர் ஆனிலையை வழிபடச் செல்லும் அன்பர்கள், ஆடித் திங்கள் கார்த்திகை நாளில் இவர் குருபூசை வருவதை நினைவு கொள்வாராக.

திருச்சிற்றம்பலம்.